மூன்று பேர், நான்கு உறவுகள்

டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் தம்பி தொலைபேசியில், "நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாழ்கிறோம், எங்களுடையது ஒரு ட்ரையட்" என்று சொன்னால், கேட்கிறவர் மனதில் சட்டென்று வந்து நிற்பது 'இரண்டு பெண்டாட்டிக்காரன்' என்ற படம்தான். அதற்குப் பிறகு வீட்டில் நடக்கும் அழுகை, சண்டை, பேச்சுவார்த்தை எல்லாம் அந்தப் படத்தோடு நடக்கிறதே தவிர, தம்பியின் வாழ்க்கையோடு நடப்பதில்லை. இந்த அத்தியாயம் வீட்டுப் பெரியவர்களுக்காக எழுதியது. ஆலோசகர்களுக்காகவும், இப்படியோர் உறவுக்குள் காலெடுத்து வைக்க நினைக்கிறவர்களுக்காகவும்கூட. மூவர் உறவைச் சுற்றி இன்று ஒரு பெரிய சொற்குவியல் இருக்கிறது. அதில் பல சொற்கள், கடைசியாக வந்து சேர்ந்த மூன்றாமவர் நசுங்கிப் போகக்கூடாது என்பதற்காகப் பிறந்தவை. அந்தக் கண்ணோடு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பாலிகமியையும் பாலிஅமோரியையும் பிரித்துக்கொள்வோம். பாலிகமி என்பது ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்டவரை மணக்கும் திருமண முறை. அதற்கான விதிகளைச் சமூகம் வகுக்கிறது. நீலகிரியின் தோடர்களிடையே சகோதரர்கள் ஒரே பெண்ணை மணந்து வாழ்ந்த வழக்கத்தை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்தார். கருவுற்ற பெண்ணுக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்தவரே பிறக்கும் குழந்தைக்குத் தந்தை. தந்தை யார் என்ற கேள்வியை அந்த மூவரோ நால்வரோ உட்கார்ந்து பேசித் தீர்க்கவில்லை, சடங்கு தீர்த்தது. பாலிஅமோரி அப்படிப்பட்ட ஊர் வழக்கம் கிடையாது. ஒருவர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் காதலிப்பது, அது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்திருப்பது, எல்லோரும் சம்மதித்திருப்பது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். அமெரிக்காவில் கிரீன் எக் என்ற இதழில் மார்னிங் குளோரி செல்-ரேவன்ஹார்ட் 1990இல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தச் சொல் பரவியது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 2006இல் இடம்பெற்றது.

நம் ஊரில் 'சின்ன வீடு' என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சின்ன வீட்டின் அஸ்திவாரமே மறைப்பது. பெரிய வீட்டுக்குத் தெரியாமல் இருக்கும்வரை அது ஓடும். தெரிந்தபின் மனைவி வேறு வழியின்றிப் பொறுத்துக்கொள்வார். பொறுத்துக்கொள்வதைச் சம்மதம் என்று எண்ணிவிடக் கூடாது. 'மாட்டேன்' என்று சொன்னாலும் தலைக்கு மேல் கூரையும், கையில் பணமும், குழந்தைகளும் தன்னிடமே இருக்கும் என்ற நிலையில் ஒருவர் சொல்லும் 'சரி'தான் சம்மதம். இந்த வரையறையை விட்டுக்கொடுத்தால் இனி வரும் எந்தச் சொல்லுக்கும் பொருள் இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். இரண்டு பேர் காதலித்தால் ஓர் உறவு. மூன்று பேர் ஒருவரையொருவர் காதலித்தால் மூன்று உறவுகள் என்று தோன்றும். உண்மையில் நான்கு: முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் ஒன்று, இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் ஒன்று, முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் ஒன்று, பிறகு மூவரும் ஒரே மேஜையில் உட்காரும்போது உருவாகும் இன்னொன்று. நான்கும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்த இருவருக்கிடையே உள்ள உறவும், ஆறு மாதம் முன்பு வந்தவரோடு அவர்களில் ஒருவருக்கு உள்ள உறவும் ஒரே வயதில் இருக்க முடியாது. ஆகவே யாராவது ஒரு சொல்லைச் சொன்னால், இந்த நான்கில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்ப்பது முதல் வேலை.

ட்ரையட் என்றால் மூவரும் ஒருவரையொருவர் காதலிப்பவர்கள். நான்கு உறவுகளும் அங்கே உண்டு. த்ரூப்பிள் என்பதும் கிட்டத்தட்ட இதே பொருளில்தான் வழங்குகிறது. ஆங்கிலத்தில் மூன்றையும் ஜோடியையும் ஒட்டவைத்த சொல் அது. தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் அதைப் பரப்பின. இப்படி வாழ்பவர்களிலேயே சிலருக்கு அது விளையாட்டுத்தனமாகப் படுகிறது, ட்ரையட் என்று சொல்வதையே விரும்புகிறார்கள். ஸ்பானிய மொழியில் ஜோடிக்கு 'பரேஹா'. மூவருக்கு 'ட்ரியேஹா' என்றொரு சொல்லை உண்டாக்கினார்கள். கொலம்பியாவின் மெடெயின் நகரில் 2017இல் மூன்று ஆண்கள் நோட்டரி முன்னிலையில் தங்கள் உறவைப் பத்திரமாகப் பதிவு செய்தபோது இந்தச் சொல் உலகச் செய்தியாயிற்று.

வீ என்பது வேறு. ஆங்கில 'வி' எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே முனையில் இருப்பவர் இரண்டு பேரைக் காதலிக்கிறார். மேலே இருக்கும் இரண்டு பேருக்குள் காதல் இல்லை. நடுவில் இருப்பவருக்கு ஹிஞ்ச், அதாவது கீல் என்று பெயர். மேலே இருக்கும் இருவரும் ஒருவருக்கொருவர் மெட்டமோர்: என் காதலரின் காதலர். மெட்டமோர்கள் நெருங்கிய நண்பர்களாகலாம், ஒரே வீட்டில் வாழலாம், வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாள் விருந்தில் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். எல்லாமே வீதான். கேட்பவர்கள் வீயை ட்ரையட் என்றும், ட்ரையட்டை வீ என்றும் மாற்றிப் புரிந்துகொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் குழப்பம்.

ஒரு மெய்யான வீட்டைப் பார்த்தால் இது தெளிவாகும். வொண்டர் வுமன் என்ற சித்திரக்கதை நாயகியை 1941இல் உருவாக்கிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். 1915இல் எலிசபெத் ஹாலோவேயைத் திருமணம் செய்துகொண்டார். பத்தாண்டு கழித்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்த ஆலிவ் பெர்னைச் சந்தித்தார். ஆலிவ், கருத்தடை உரிமைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கரின் தங்கை மகள். சில காலத்திலேயே ஆலிவ் அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எலிசபெத்துக்கு இரண்டு குழந்தைகள், ஆலிவுக்கு இரண்டு குழந்தைகள். எலிசபெத் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார், ஆலிவ் வீட்டிலிருந்து நான்கு குழந்தைகளையும் வளர்த்தார். எலிசபெத் தன் மகளுக்கு ஆலிவ் ஆன் என்று பெயர் வைத்தார். ஆலிவ் எப்போதும் அணிந்திருந்த அகலமான வளையல்கள்தான் வொண்டர் வுமனின் மணிக்கட்டுக் காப்புகளாயின.

மார்ஸ்டன் 1947இல் இறந்தார். இரண்டு பெண்களும் பிரியவில்லை. 1990இல் ஆலிவ் இறக்கும்வரை, மேலும் 43 ஆண்டுகள் ஒன்றாகவே வாழ்ந்தார்கள். எலிசபெத் 1993இல், நூறு வயதில் இறந்தார்.

இது ட்ரையட்டா, வீயா? இரண்டு பெண்களும் காதலர்கள் என்று காட்டுகிறது 2017இல் வந்த திரைப்படம். மார்ஸ்டனின் பேத்தி அதை மறுத்தார். வெளியே தெரிவது ஒரே வீடு, நான்கு குழந்தைகள், வாழ்நாள் முழுவதும் நீண்ட பிணைப்பு. அந்த மூன்றாவது கோடு காதலா, நட்பா என்பது அந்த இரண்டு பெண்களுக்கு மட்டுமே தெரிந்தது. ஒரே வீட்டில் மூவர் வாழ்வதை வைத்து ட்ரையட் என்று முடிவு கட்ட வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கீலாக இருந்தவர் போன பிறகும் மெட்டமோர்கள் இருவரும் நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்திருக்க முடியும் என்பதையும் அந்த வீடு காட்டுகிறது. காதல் இல்லை என்றால் அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைப்பது பெரிய பிழை.

அந்த வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆலிவ் தனக்கு ரிச்சர்ட் என்றொரு கணவர் இருந்து இறந்துவிட்டதாக ஊருக்குச் சொல்லி, ஆலிவ் ரிச்சர்ட் என்ற பெயரில் பத்திரிகைக்கு எழுதினார். அவர் பெற்ற பிள்ளைகளை மார்ஸ்டனும் எலிசபெத்தும் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார்கள். ஊர் முன்னால் எலிசபெத் மனைவி, ஆலிவ் இல்லாத கணவரின் விதவை. மூவரும் மனமொத்து எடுத்த முடிவாகவே இருக்கட்டும். பெயரையும் தாய்மையையும் மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது யார்? பின்னால் வந்தவர்.

இதற்குத்தான் இன்று 'கப்பிள் பிரிவிலேஜ்' என்கிறார்கள். முன்பே ஜோடியாக இருந்த இருவருக்கு, அவர்கள் கேட்காமலேயே கிடைத்துவிடும் முன்னுரிமை. வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது அவர்கள் இருவர் பெயர். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வரும் பத்திரிகையில் இருப்பது அவர்கள் இருவர் பெயர். படுக்கையறை அவர்களுடையது, புதிதாக வந்தவரின் பெட்டி இன்னும் ஹாலில் சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு சண்டை வந்தால் இருவரும் ஒரு பக்கம், வந்தவர் ஒரு பக்கம். யாரும் கொடுமை செய்ய நினைக்கவில்லை, ஆனாலும் அப்படி நடந்துவிடுகிறது. ஆலோசனைக்கு வரும் மூவரிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. உறவு முறிந்தால் அன்றிரவு யார் வெளியே போக வேண்டியிருக்கும்? கதவை மூடிக்கொண்டு தனியாக இருக்க ஓர் அறை மூவருக்கும் உண்டா? உங்கள் அம்மாவுக்கு யாருடைய பெயர் தெரியும்? பதில்களைக் கேட்டாலே நிலைமை விளங்கிவிடும்.

'யூனிகார்ன்' என்ற சொல்லும் இந்த வலியிலிருந்து வந்ததே. ஓர் ஆணும் பெண்ணும் ஜோடி; அவர்கள் இருபால் ஈர்ப்புள்ள ஒரு பெண்ணைத் தேடுகிறார்கள். அந்தப் பெண் இருவரையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் காதலிக்க வேண்டும். வெளியே யாரோடும் பழகக்கூடாது. ஜோடி ஏற்கெனவே எழுதிவைத்த விதிகளுக்கு உட்பட வேண்டும். சிக்கல் வந்தால் சத்தமில்லாமல் விலகிக்கொள்ள வேண்டும். இத்தனை நிபந்தனைக்கும் பொருந்தும் ஒருவர் அநேகமாக இல்லை என்பதால் ஒற்றைக்கொம்புக் கற்பனைக் குதிரையின் பெயரை வைத்தார்கள். அப்படித் தேடுவதற்கு 'யூனிகார்ன் வேட்டை' என்று பெயர். வேட்டை என்ற சொல்லில் இருக்கும் கடுமையைக் குறைக்க வேண்டியதில்லை. மூன்று பேராக வாழ விரும்புவதில் தவறு இல்லை. ஆள் வருவதற்கு முன்பே அவருக்கான இடத்தை அளந்து வெட்டி வைத்துவிட்டு, அதற்குள் அவர் அடங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. சில பெண்கள் தங்களைத் தாங்களே யூனிகார்ன் என்று மகிழ்ச்சியோடு அழைத்துக்கொள்வதும் உண்டு. அவர்கள் சொல்லலாம். பிறர் அவர்களை அப்படி அழைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'வீட்டோ' இதோடு சேர்ந்து வரும். ஜோடியில் ஒருவர் 'இந்த உறவு வேண்டாம்' என்று சொன்னால் மற்றவர் மூன்றாமவரை விட்டுவிட வேண்டும் என்ற உடன்பாடு. முடிவு எடுக்கப்படும் இடத்தில் அந்த மூன்றாமவர் இருப்பதே இல்லை. உறவு தொடங்கும்போதே வீட்டோ உண்டா இல்லையா என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவது அவருடைய உரிமை. 'ஒரே ஆண் விதி' என்றும் ஒன்று உண்டு: வீட்டுப் பெண்கள் வேறு பெண்களோடு பழகலாம், வேறு ஆண்களோடு பழகக்கூடாது என்று அந்த ஆண் வைக்கும் நிபந்தனை. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காதலைக் கணக்கிலேயே எடுக்காத பார்வை அது. சம்மதித்துக்கொண்டார்கள் என்று சொன்னாலும், மேலே சொன்ன சம்மத வரையறையை வைத்து உரசிப் பாருங்கள்.

பாலிஃபிடெலிட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு வியப்பு வரும். மூவருக்குள் மட்டும் காதல், வெளியே யாரோடும் இல்லை என்று கட்டுப்பாடோடு வாழ்வது. மூடிய ட்ரையட் என்றும் சொல்வார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 1971 முதல் 1991 வரை இயங்கிய கெரிஸ்தா என்ற கூட்டுவாழ்க்கைக் குழுதான் இந்தச் சொல்லை உருவாக்கியது. அங்கே சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, யார் எந்த இரவில் யாரோடு என்பதற்கு முறைவைத்து வாழ்ந்தார்கள். குழுவுக்கு வெளியே உறவு கிடையாது. ஒழுங்கு அவ்வளவு இறுக்கமாக இருந்தும் குழு கலைந்துபோயிற்று. கம்பர்ஷன் என்ற சொல்லும் அவர்கள் தந்ததே. என் காதலர் இன்னொருவரோடு மகிழ்ச்சியாக இருப்பதைப் பார்த்து எனக்குள் எழும் மகிழ்ச்சி அது. அழகான உணர்வுதான், ஆனால் தேர்வு மதிப்பெண்ணாக அதை மாற்றிவிடுகிறார்கள். 'உனக்குக் கம்பர்ஷன் வரவில்லை என்றால் உன்னிடம்தான் குறை' என்று பொறாமையில் தவிக்கும் ஒருவரிடம் சொல்வது கொடுமை. பொறாமை வந்தால் எதற்குப் பயப்படுகிறோம் என்று பேச வேண்டும், அவ்வளவே. கம்பர்ஷன் வராமலேயே நன்றாக வாழும் மூவர் உண்டு.

மற்ற சொற்களை விரைவாகக் கடக்கலாம். என்.ஆர்.இ. என்றால் புதிய காதலின் வேகம். தூக்கம் குறையும், பழைய துணைக்கு அனுப்ப வேண்டிய செய்தி மறந்துபோகும். அந்த மாதங்களில் வீடு மாறுவது, கூட்டுக் கடன் வாங்குவது போன்ற முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள். நெஸ்டிங் பார்ட்னர் ஒரே வீட்டில் வசிக்கும் துணை. அவரே அதிகம் நேசிக்கப்படுபவர் என்று பொருளாகாது. முதன்மை, இரண்டாம்நிலை என்ற பிரிவைச் சிலர் வெளிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள், சிலர் வெறுக்கிறார்கள். 'கிச்சன் டேபிள்' பாணி என்றால் மெட்டமோர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடிக்கும் அளவுக்குப் பழகுவது. 'பாரலல்' என்றால் ஒருவரையொருவர் மதித்துத் தள்ளி இருப்பது. நம் கூட்டுக்குடும்பப் பழக்கத்தில் முதலாவதுதான் உயர்ந்தது என்று தோன்றும். தள்ளி இருப்பதில்தான் நிம்மதி என்பவரை மேஜைக்கு இழுத்து வராதீர்கள்.

வீட்டுக்காரர்களுக்கு வரும் நடைமுறைச் சிக்கல் உறவுமுறை. அக்காளுக்குத் துணைவர்கள் இருவர். இருவரையும் அத்தான் என்று கூப்பிடலாமா? அக்காள் கீலாக இருக்கும் வீ என்றால், அவர்கள் விரும்பினால், கூப்பிடலாம். ட்ரையட்டில் அக்காளின் துணைகள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்றால் நம் மொழியில் அந்தப் பெண்ணுக்குத் தயாரான முறை இல்லை. பெயரோடு 'அக்கா' சேர்த்து அழைப்பவர்கள் உண்டு. கேட்டுவிட்டு அழையுங்கள். ஒருவரை அத்தான் என்றும் மற்றவரை 'அவர் பிரெண்ட்' என்றும் சொல்வதை மட்டும் தவிருங்கள். அது ஆலிவ் ரிச்சர்டின் நிலைக்கு இன்னொருவரைத் தள்ளுவது.

சட்டத்தின் சொற்கள்தான் கடைசியாக மாறுபவை. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் சோமர்வில் நகர மன்றம், கோவிட் காலத்தில், 2020 ஜூனில் வீட்டுத்துணை விதி ஒன்றைக் கொண்டுவந்தது. மருத்துவமனையில் துணையைப் பார்க்கும் உரிமை போன்றவை அப்போதைய கவலை. இரண்டு பேர் என்று எண்ணிக்கையை ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்று மன்றத்தில் கேள்வி எழுந்தது, வரைவு திருத்தப்பட்டது, இரண்டுக்கு மேற்பட்டோரும் வீட்டுத்துணைகளாகப் பதியலாம் என்றாயிற்று. பக்கத்திலிருக்கும் கேம்பிரிட்ஜ் நகரம் 2021இல் தொடர்ந்தது. இது நகர எல்லைக்குள் செல்லுபடியாகும் பதிவு. திருமணமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. கனடாவில் வழி குழந்தைகள் மூலமாகத் திறந்தது. நியூஃபவுண்ட்லாந்து நீதிமன்றம் 2018இல் ஒரு தாயையும் அவரோடு வாழ்ந்த இரண்டு ஆண்களையும் ஒரே குழந்தைக்குப் பெற்றோராக ஏற்றது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021இல் ஓர் ஆணும் இரண்டு பெண்களும், தங்களை ட்ரையட் என்றே நீதிமன்றத்தில் சொல்லி, குழந்தையைப் பெறாத பெண்ணின் பெயரையும் பெற்றோராகப் பதிய வைத்தார்கள். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: பிரேசிலில் 2012இல் ஒரு நோட்டரி மூவர் இணைவைப் பதிவு செய்தார், 2018இல் தேசிய நீதித்துறைக் குழு அப்படிப் பதியக்கூடாது என்று எல்லா நோட்டரிகளுக்கும் தடை போட்டது.

இந்தியாவில் வாழ்பவர்கள் இவற்றைப் படித்து நம்பிக்கை கொள்ளலாம், ஆனால் ஏமாந்துவிடக்கூடாது. வயது வந்த மூவர் சம்மதத்தோடு ஒரே வீட்டில் வாழ்வது குற்றமில்லை. திருமணம் தாண்டிய உறவைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் நீக்கியது. ஆனால் கணவனோ மனைவியோ உயிரோடிருக்க, சட்டம் இரண்டாவது திருமணத்தை அனுமதிக்காத ஒருவர் இன்னொருவருக்குத் தாலி கட்டினால், இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. எல்லோரும் சம்மதித்தார்கள் என்பது அங்கே விடையாகாது. கோவை குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கில், குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லும் 'திருமணம் போன்ற உறவு' என்றால் என்ன என்பதற்கு 2010இல் நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. இருவரும் சட்டப்படி மணந்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. திருமணமான ஜோடியோடு சேர்ந்து வாழும் மூன்றாமவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டுப் போனாலும் கதவு அவருக்கு எளிதில் திறக்காது.

ஆகவே காகிதங்களை நீங்களே தயார் செய்துகொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பெயரும் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர்வரை நாமினி குறிக்கலாம், அதைப் பயன்படுத்துங்கள். நாமினி பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தான். சொத்து யாருக்கு என்பதை உயில்தான் சொல்லும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் மூன்றாமவரை 'குடும்ப நண்பர்' என்று பொதுவாக எழுதாமல் முழுப்பெயர், தகப்பனார் பெயர், முகவரியோடு எழுதுங்கள். வாரிசுகள் வழக்குப் போடும் நாளில், அந்தப் பெயருக்குரியவர் இவர்தான் என்பதில் சந்தேகத்துக்கு இடமிருக்கக்கூடாது.